கடன்பட்டான் காணிக்கு உரியோர் இயல்

நிலம் ஒன்று, உரியோர் பலர். இவ்வியல் ஆராயப் புகும் பொருள் இதுவே. மரத்துக்கும் மீனுக்கும் வகையியல் கண்ட உலகம், கடனாளியின் நிலத்தைச் சுற்றி நிற்கும் மனிதர்களை மட்டும் வகைப்படுத்தாமல் விட்டது பெருங்குறை. சார்பதிவாளர் அலுவலகத்து வேப்பமர நிழலில் உட்கார்ந்திருக்கும் பத்திர எழுத்தர்களிடம் இந்த அறிவு காலங்காலமாக உண்டு. ஆனால் அவர்கள் எதையும் நூலாக எழுதுவதில்லை. பக்கத்துக்கு இவ்வளவு என்று பேசிக்கொண்டு பத்திரமாகத்தான் எழுதுவார்கள். எனவே இப்பணி எம் தலையில் விழுந்தது.

முதல் நூற்பா:

ஈடு கொண்டார், விலைக்குக் கொண்டார்,
ஓடி ஓடிக் கேட்டும் கொள்ளார் என
நாடுங் காலை மூவகையர் என்ப.

‘என்ப’ என்றதனால் எமக்கு முன்பும் யாரோ சொல்லியிருக்கிறார்கள் என்று கொள்க. யார் என்று கேட்கக் கூடாது. அது உரை மரபு அன்று.

உரைக்கு ஒரு நிலம் வேண்டும். பொள்ளாச்சிப் பக்கம் மூன்று ஏக்கர் தென்னந்தோப்பு என்று வைத்துக்கொள்வோம். கிணறு ஒன்று, மோட்டார் ரூம் ஒன்று, வேலியோரம் இரண்டு மாமரம், மூலையில் ஓர் ஓட்டுவீடு. தோப்புக்காரர் மகள் கல்யாணத்துக்குக் கடன் வாங்கினார், போர்வெல்லுக்கு வாங்கினார், பிறகு இந்த இரண்டுக்கும் வட்டி கட்ட வாங்கினார். தங்கமான மனிதர். யார் எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்ல அவருக்கு வாய் வராது. தோப்பைக் கேட்டவர்களிடமும் அப்படியே. அதனால் அது இன்று ஏழெட்டுப் பேருக்குச் சொந்தம்.

பொதுவிதி 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தில், 48-ஆம் பிரிவில் இருக்கிறது. ஒருவரே ஒரே சொத்தின் மேல் வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு பேருக்கு உரிமைகளைக் கொடுத்து, அவையெல்லாம் ஒன்றாக நிலவ முடியாமல் போனால், பிந்தியவர் உரிமை முந்தியவர் உரிமைக்குக் கட்டுப்பட்டது. ரோமானியரும் இதையேதான் சொன்னார்கள். கேட்க எளிமையாக இருக்கிறது. ஆனால் வரிசை என்றால் என்ன என்று ரேஷன் கடையில் நின்றவருக்குத்தான் தெரியும். முதலில் வந்தவர் அங்கே இருக்கமாட்டார். அவர் வைத்த கல் இருக்கும். கல்லுக்குப் பின்னால் காலையிலிருந்து நிற்பவர் தாம்தான் முதல் என்று நம்பிக்கொண்டிருப்பார்.

நிலத்திலும் அப்படி ஒரு கல் உண்டு. பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் அதைப் பதிவுக்குக் கொடுக்கலாம் என்கிறது 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம், 23-ஆம் பிரிவு. பதிவானபின் அது எந்த நாளிலிருந்து செல்லும்? பதிவான நாளிலிருந்து அல்ல, எழுதிக் கொடுத்த நாளிலிருந்து. இது 47-ஆம் பிரிவு. ஆகவே தோப்புக்காரர் தை மாதம் ஒருவருக்குக் கிரயம் எழுதிக் கொடுத்து, அது பதிவாகாமல் கிடக்க, மாசியில் இன்னொருவருக்கு எழுதி அன்றே பதிந்தும் கொடுத்தால், இரண்டாமவர் வில்லங்கச் சான்றைப் பார்த்து ‘சுத்தம்’ என்று இனிப்பு கொடுப்பார். பங்குனியில் முதலாமவர் தம் பத்திரத்தைப் பதிவார். தோப்பு அவருடையது. இனிப்பு கொடுத்தவருக்குத் தோப்புக்காரர் மேல் ஒரு வழக்கு மிஞ்சும்.

இனி வகைகள். எண்ணிக்கையில் மிகுந்தவரை முதலில் வைத்தல் மரபு ஆதலின், ஓடி ஓடிக் கேட்டும் கொள்ளார் முதலில்.

புரோநோட்டுக்காரர், கைமாற்றுக்காரர், உரக்கடைக்காரர், தேங்காய்க்கு முன்பணம் கொடுத்த வியாபாரி, மகள் கல்யாணத்துக்குத் தன் நகையைக் கழற்றிக் கொடுத்த அக்கா: இவர்கள் ஓரினம். எல்லோரும் சொல்வது ஒரே வாக்கியம்: ‘தோப்பு இருக்குதேன்னுதாங்க கொடுத்தேன்.’ தோப்பைப் பார்த்துக் கொடுத்ததாலேயே தோப்பின் மேல் உரிமை வந்துவிடாது. இவர்களுக்கு உரிமை அந்த மனிதர் மேல்தான். அவர் மண்ணின் மேல் இல்லை. சட்டம் இவ்விடத்தில் கல்நெஞ்சோடுதான் நடந்துகொள்கிறது. யார் அதிகம் இழந்தார், யார் நல்லவர், யார் ஆபத்துக்கு உதவினார் என்று அது கேட்பதே இல்லை. யார் எழுதி வாங்கினார், எழுதியதை மற்றவர் அறியும்படி வைத்தார், எப்போது வைத்தார் என்பவையே அதன் கேள்விகள். நகையைக் கழற்றிக் கொடுத்த அக்கா எதையும் எழுதி வாங்கவில்லை. தம்பியிடம் போய் எழுதி வாங்குவார்களா? ஆகவே வரிசையில் அக்கா கடைசி. இவ்வியல் முழுவதும் நாம் காணப்போகும் உண்மை இதுதான்: நம்பிக் கொடுத்தவருக்கு இடமில்லை, நம்பாமல் கொடுத்தவருக்கே முன்னிடம்.

இந்த இனத்தில் சிலர் கோர்ட்டுக்குப் போவதுண்டு. புரோநோட்டுக்கு மூன்று ஆண்டு கெடு. அதற்குள் வழக்குப் போட்டு டிகிரி வாங்கினால், அதை நிறைவேற்றப் பன்னிரண்டு ஆண்டு அவகாசம். வழக்கு நடக்கையிலேயே எதிராளி சொத்தை விற்றுவிடப் பார்க்கிறார் என்று காட்டினால், தீர்ப்புக்கு முன்பே ஜப்தி கேட்கலாம். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் கட்டளை 38, விதி 5. ஜப்தி எப்படி நடக்க வேண்டும் என்று கட்டளை 21, விதி 54 அழகாக எழுதியிருக்கிறது: சொத்தின் மேலோ அருகிலோ தமுக்கடித்து, அல்லது ஊர் வழக்கப்படி வேறு வகையில், அறிவிக்க வேண்டும், நகலைச் சொத்தில் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்ட வேண்டும், கோர்ட்டிலும் ஒட்ட வேண்டும். அமீனா வருவார். தென்னை மரத்தில் நோட்டீஸ் ஒட்டப்படும். தமுக்கு அடிக்கப்பட்டதாக அறிக்கையில் இருக்கும். தமுக்குச் சத்தத்தைக் கேட்டவர்கள் ஊரில் அதிகம் இருக்கமாட்டார்கள். அறிக்கையைப் படித்தவர்கள் அதைவிடக் குறைவு.

இவ்வளவும் செய்தபின் கிடைத்தது என்ன? உரிமையா? இல்லை, தடை மட்டுமே. ஜப்திக்குப் பின் தோப்புக்காரர் விற்றால், அந்த ஜப்தியின் கீழ் வரும் கோரிக்கைகளுக்கு எதிராக அந்த விற்பனை செல்லாது (பிரிவு 64). ஜப்திக்கு முன்பே நிலத்தின் மேல் உரிமை பெற்றவரை அது அசைக்காது. இதைவிட வேடிக்கை 73-ஆம் பிரிவில் இருக்கிறது. வக்கீலுக்குக் கொடுத்து, அமீனாவுக்கு வண்டி பிடித்து, ஏலம் வரைக்கும் இழுத்து வந்தவர் ஒருவர். பணம் கோர்ட்டுக்கு வந்து சேர்வதற்கு முன் அதே கடனாளி மேல் டிகிரி வைத்திருக்கும் இன்னும் நான்கு பேர் அதே கோர்ட்டில் மனுப் போட்டுவிட்டால், செலவு போக மிச்சத்தை ஐவரும் கடன் விகிதப்படி பங்கிட்டுக்கொள்ள வேண்டும். முதலில் ஓடியவருக்கு முன்னுரிமை கிடையாது. அந்த நால்வரும் பெரும்பாலும் கோர்ட் வராந்தாவில்தான் இதைக் கேள்விப்பட்டிருப்பார்கள்.

அடுத்து ஈடு கொண்டார். இவர்கள் மேட்டுக்குடி. நால்வகைப்படுவர், ஐவகை என்பாரும் உளர்.

பதிவு செய்த சாதாரண அடமானக்காரர் கவலையற்றவர். இரண்டு சாட்சி, ஒரு பதிவு, அவ்வளவுதான். நூறு ரூபாயோ அதற்கு மேலோ உள்ள அடமானம் பதிவாக வேண்டும் என்று 1882-இல் எழுதினார்கள். அன்று நூறு ரூபாய் பெரிய பணம். ரூபாய் எவ்வளவோ தேய்ந்துவிட்டது, அந்த நூறு மட்டும் சட்டத்தில் அப்படியே நிற்கிறது. இவர் பணம் கேட்டு வழக்குப் போட 12 ஆண்டு உண்டு. இடையில் தோப்பு பத்துக் கை மாறினாலும் அடமானம் அதன் கூடவே போகும்.

ஒத்திக்காரர், ஊருக்கு ஊர் போக்கியக்காரர் என்றும் வழங்கப்படுபவர், ஈட்டாளர்களில் உடல்நலம் மிக்கவர். பணம் கொடுத்துவிட்டுத் தோப்பிலேயே குடியேறியவர். வட்டிக்குப் பதில் இளநீர் குடிப்பவர். மற்றவர்கள் காகிதத்தில் வைத்திருப்பதை இவர் காலடியில் வைத்திருக்கிறார். அடமானத்தை மீட்க முப்பது ஆண்டு கெடு என்று இருப்பதால், முப்பது ஆண்டு உட்கார்ந்துவிட்டால் தோப்பு தமதாகிவிடும் என்று இவ்வினத்தார் நெடுங்காலம் நம்பிவந்தார்கள். 2014-இல் உச்ச நீதிமன்றம் அந்த நம்பிக்கையை முடித்துவைத்தது: போக்கிய அடமானத்தில் காலம் எழுதிய நாளிலிருந்து ஓடாது, கடன் தீர்ந்தபின்தான் ஓடத் தொடங்கும். எத்தனை தலைமுறை இளநீர் குடித்தாலும் அவர் விருந்தாளிதான்.

பத்திரம் பிடித்தவர் மூன்றாம் வகை. வங்கிகள் பெரும்பாலும் இவ்வினம். மூலப்பத்திரத்தை ஈடாக ஒப்படைத்தால் போதும், அடமானம் ஆகிவிடும். அடமானப் பத்திரம் என்று தனியே ஒன்று எழுத வேண்டியதில்லை. இந்த வசதியை 1882 சட்டம் கல்கத்தா, மதராஸ், பம்பாய் போன்ற வியாபார நகரங்களுக்கு மட்டும் கொடுத்தது. பிறகு அரசு அறிவிக்கும் ஊர்களும் சேர்ந்தன. நுட்பம் என்னவென்றால், ஒப்படைப்பது அந்த ஊரில் நடந்தால் போதும். நிலம் எங்கேயும் இருக்கலாம். பொள்ளாச்சித் தோப்பு சென்னையில் ஒரு மேசைமேல் அடமானமாகிவிடும். தோப்பில் ஓர் இலை அசைந்திருக்காது. வில்லங்கச் சான்றிலும் ஒன்றும் அசைந்திருக்காது, ஏனென்றால் பதிவு தேவைப்படாத காலம் அது. தமிழ்நாடு 2012-இல் பதிவுச் சட்டத்தைத் திருத்தி, பத்திர ஒப்படைப்பு உடன்படிக்கையும் கிரய உடன்படிக்கையும் பவர் பத்திரமும் பதிவாக வேண்டும் என்று வைத்தது. அதற்கு முந்தைய ஒப்படைப்புகள் பழைய பீரோக்களில் இன்னும் உயிரோடு இருக்கக்கூடும்.

இவ்விடத்தில் ஒரு துணையினத்தைக் குறிப்பிட வேண்டும்: காணாமற்போன பத்திரம். நாளிதழின் உள்பக்கத்தில் பொடி எழுத்தில் ஓர் அறிவிப்பு வரும். பேருந்தில் போகும்போதோ ஜெராக்ஸ் எடுக்கப் போனபோதோ அசல் பத்திரம் தொலைந்துவிட்டது என்று இருக்கும். காவல் நிலையத்தில் புகார், கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்று, பிறகு சார்பதிவகத்தில் நகல். உண்மையாகவே தொலைத்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் தொலைந்த பத்திரங்களில் சில, அந்நேரம் ஏதோ ஓர் இரும்புப் பெட்டிக்குள் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருக்கும். நகலை நம்பி வாங்கியவர் ஒருநாள் அந்தப் பெட்டியின் உரிமையாளரைச் சந்திப்பார். அப்போது சட்டம் வாங்கியவரைப் பார்த்து, ‘அசல் எங்கே என்று கேட்டாயா?’ என்று மட்டும் கேட்கும். பெட்டிக்காரரும் தப்பமுடியாத ஓர் இடம் உண்டு. கடனாளி கேட்டார் என்று பத்திரத்தை அசட்டையாக அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்து, அதைக் காட்டி அவர் இன்னொருவரிடம் கடன் வாங்கிவிட்டால், சொத்து மாற்றுச் சட்டத்தின் 78-ஆம் பிரிவின்படி முந்தியவர் பிந்தியவராகிவிடுவார். வரிசையில் முன்னால் நின்றவர் பின்னால் போகும் காட்சி இச்சட்டத்தில் அபூர்வம்.

நான்காம் வகை நிபந்தனைக் கிரயம். பார்க்கக் கிரயம், உள்ளே அடமானம். பணத்தைத் திருப்பினால் நிலம் திரும்பும் என்ற நிபந்தனை அதே பத்திரத்தில் இருந்தால்தான் அது அடமானம். தனித்தாளில் இருந்தால் அடமானம் ஆகாது. வாய்ச்சொல்லில் இருந்தால் பெரும்பாலும் காற்று. கந்துவட்டிக்காரர் இந்தப் பாகத்தை நன்கு படித்தவர். கடனுக்கு ஈடாக முழுக் கிரயமோ பவரோ எழுதி வாங்கிக்கொண்டு, ‘பணத்தக் கட்டுங்க, மறுநாளே எழுதிக் கொடுத்தர்றேன்’ என்பார். அதிக வட்டி வசூலைக் குற்றமாக்கித் தமிழ்நாடு 2003-இல் சட்டம் போட்டது. அந்தச் சட்டத்துக்குப் பிறகும் பத்திரம் கிரயமாகவே பேசுகிறது. இவரை ஈடு கொண்டாரில் வைப்பதா, விலைக்குக் கொண்டாரில் வைப்பதா என்று யாம் தடுமாறியதால்தான் மேலே நால்வகை, ஐவகை என்று குழப்பினோம்.

இனி விலைக்குக் கொண்டார். இவர்களே நம் இரக்கத்துக்கு உரியவர்கள், ஏனெனில் முழுப்பணத்தையும் இறக்கியவர்கள்.

இவர்களில் இளையவர் அட்வான்சு கொடுத்து அக்ரிமெண்ட் போட்டவர். கிரய உடன்படிக்கை நிலத்தில் எந்த உரிமையையும் உண்டாக்காது என்கிறது சொத்து மாற்றுச் சட்டத்தின் 54-ஆம் பிரிவு. ஆனால் அதே மனிதருக்கு வேறு பிரிவுகள் கைகொடுக்கின்றன. அவருடைய ஒப்பந்தத்தை அறிந்தே பின்னால் வாங்கியவர் அதற்குக் கட்டுப்பட்டவர். அவர் ஒப்பந்தம் போட்டபின் ஜப்தி வந்து, ஜப்திக்குப்பின் கிரயம் முடிந்தால்? கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 1990-இல் உச்ச நீதிமன்றம், ஜப்திக்கு முந்தைய ஒப்பந்தத்தின்படி முடிந்த கிரயம் நிற்கும் என்றது. 2002-இல் நடைமுறைச் சட்டத்தின் 64-ஆம் பிரிவைத் திருத்தியபோது, அந்த ஒப்பந்தம் ஜப்திக்கு முன்பே பதிவாகியிருக்க வேண்டும் என்று ஒரு கதவை வைத்தார்கள். இல்லாவிட்டால் ஜப்தி நோட்டீஸ் ஒட்டிய மறுநாள் ஊரில் எல்லோரிடமும் பழைய தேதியிட்ட அக்ரிமெண்ட் முளைக்கும். முத்திரைத்தாள் பழையதாகவே கிடைக்கும் ஊர் இது. சரி, 2012-க்குப்பின் தமிழ்நாட்டில் பதியாத அக்ரிமெண்ட் வெறுங்காகிதம்தானா? அதுவும் இல்லை. நம்மூர் வழக்கு ஒன்றிலேயே, ஒப்பந்தத்தை நிறைவேற்றக் கோரும் வழக்கில் அதைச் சாட்சியமாக ஏற்கலாம் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வகையியலாருக்கு நிம்மதி கிடையாது.

பவர் வாங்கியவர் இவருக்கு அண்ணன் முறை. பவரும் அக்ரிமெண்டும் உயிலும் சேர்ந்தால் கிரயம் என்று வீட்டுமனைத் தரகர்கள் வெகுகாலம் போதித்து வந்தார்கள். 2011-இல் உச்ச நீதிமன்றம் மூன்றும் சேர்ந்தாலும் கிரயம் ஆகாது என்று கைவிரித்தது. இவரைப் பற்றி மேலும் எழுத ஒன்றுமில்லை.

முழுக்கிரயம் பெற்றவரை அறிந்து வாங்கியவர், அறியாது வாங்கியவர், அறிய விரும்பாமல் வாங்கியவர் என மூன்றாகப் பிரிக்கலாம். மூன்றாமவரே பெரும்பான்மை. சட்டத்துக்கு இந்தப் பிரிவு பிடிக்காது, அதற்கு இரண்டே. அறிவு என்றால் என்ன என்று சொத்து மாற்றுச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு விளக்குகிறது. நேரில் தெரிந்தது அறிவு. விசாரித்திருந்தால் தெரிந்திருக்கும், விசாரிக்காமல் விட்டதும் அறிவு. பதிவானதெல்லாம் அறிவு, படித்தாலும் படிக்காவிட்டாலும். இந்த உலகில் படிக்காமலே அறிஞராக ஆகக்கூடிய ஒரே துறை இதுதான்.

இன்னொன்றும் உண்டு: நிலத்தில் யார் இருக்கிறாரோ அவருக்கு என்ன உரிமையோ அதை வாங்குபவர் அறிந்ததாகவே கொள்ளப்படும். தோப்பைப் பார்க்க வந்தவர் காரை நிழலில் நிறுத்துகிறார். மரம் எண்ணுகிறார். கிணற்றுக்குள் எட்டிப்பார்த்துத் தண்ணீர் எத்தனை அடி என்கிறார். ஓட்டுவீட்டுத் திண்ணையில் ஒருவர் தேங்காய் உரித்துக்கொண்டிருக்கிறார். தரகர், ‘அவரு தோட்டத்த பாத்துக்கறவருங்க’ என்கிறார். வந்தவர் தலையசைத்துவிட்டுப் போகிறார். போய்க் கேட்டிருந்தால் இப்படி நடந்திருக்கும்:

‘ஏனுங்க, நீங்க இங்க கூலிக்கு இருக்கறீங்களா?’

‘கூலிக்கா? நான் ஒத்திக்கு இருக்கறனுங்க. ஆறு வருசமாச்சு. பத்திரம் ஊட்ல இருக்குது, காட்டட்டுங்களா?’

இந்தக் கேள்வியைக் கேட்க ஒரு நிமிடம் ஆகும். கேட்காத கிரயத்தாருக்கு அந்த ஒத்திப்பணம் முழுவதும் தோப்பின் விலையோடு சேரும். மரத்தை எண்ணியவர் ஆளை எண்ணவில்லை.

உறவுக் கிரயத்தார் தனி இனம். கடன் முற்றும் பருவத்தில், மழைக்குப் பின் காளான்போல் என்று எழுதும் ஆசையை அடக்கிக்கொண்டு சொல்கிறோம், மனைவிக்குத் தானசெட்டில்மெண்ட்டும் மைத்துனருக்குக் கிரயமும் எழுதப்படும். கடன் கொடுத்தவர்களை ஏய்க்கவோ இழுத்தடிக்கவோ செய்த மாற்றத்தை, பாதிக்கப்பட்ட கடன்காரர் விரும்பினால் தள்ளிவிடலாம் என்கிறது அதே சட்டத்தின் 53-ஆம் பிரிவு. மனைவி பணம் கொடுக்கவில்லை, ஆகவே அவருக்குக் கேடயம் இல்லை. மைத்துனர் பணம் கொடுத்ததாகப் பத்திரம் சொல்கிறது. அந்தப் பணம் எந்தக் கணக்கிலிருந்து கிளம்பி எந்தக் கணக்கில் இறங்கியது என்பதை அவர் கூண்டிலேறிச் சொல்ல வேண்டும். நல்லெண்ணத்தோடு விலை கொடுத்து வாங்கியவரைச் சட்டம் தொடாது. இங்கே நுட்பமான ஒரு விலக்கு: கடன்காரர் பலரில் ஒருவருக்கு மட்டும் உள்ளபடியே கடனைத் தீர்க்க நிலத்தை எழுதிக் கொடுத்தால், மற்றவர்கள் ஏமாந்தாலும் அது மோசடி அல்ல என்று பிரிவி கவுன்சில் 1915-இல் தீர்த்தது. ஒருவருக்கு முன்சலுகை காட்டுவது குற்றமில்லை. எல்லோரையும் ஏய்த்துத் தன் பையிலேயே வைத்துக்கொள்வதுதான் குற்றம். ஆனால் அவர் ஐ.பி. போட்டுவிட்டால், அதாவது ஊர் வழக்கில் மஞ்சள் நோட்டீஸ் கொடுத்துவிட்டால், கணக்கே மாறும். 1920-ஆம் ஆண்டின் மாகாண திவால் சட்டப்படி, மனுவுக்கு முந்தைய மூன்று மாதத்துக்குள் ஒருவருக்கு மட்டும் காட்டிய சலுகை கலைந்துவிடும். விலையில்லாக் கொடைகளுக்கு இரண்டு ஆண்டு வரை பயம் உண்டு. அடமானக்காரர் மட்டும் அந்த அமளியிலும் தம் ஈட்டின் மேல் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பார்.

வழக்கு நடக்கும்போதே வாங்கியவரைப் பற்றி நீட்டி எழுத வேண்டாம். நிலத்தின் உரிமை பற்றிய வழக்குத் தாக்கலான நாளிலிருந்து, அதில் கட்சிக்காரர் விற்றால், வாங்கியவர் அந்த வழக்கின் முடிவைத் தலையில் கட்டிக்கொள்கிறார் (சொத்து மாற்றுச் சட்டம், பிரிவு 52). அவருக்கு வழக்கே தெரியாது என்பது வாதமாகாது. இதைவிடத் துயரம் பாகவழக்கு. ஏலத் தேதி நெருங்கும்போது கடனாளியின் மகனோ மகளோ ‘இது பூர்வீகச் சொத்து, எனக்கும் பங்கு உண்டு’ என்று வருவார்கள். தமிழ்நாடு 1989-லும், நாடு முழுவதும் 2005-லும் மகளைப் பங்காளியாக்கியது, நியாயமான சட்டம். 2005-க்குப் பின் வாங்கிய கடனுக்கு, தகப்பன் கடனை மகன் தீர்ப்பது தர்மம் என்ற பழைய வாதமும் எடுபடாது. ஆயினும் அந்த மகள் இருபது ஆண்டு கேட்காத பங்கை ஏலத்துக்கு முந்தின வாரம் கேட்பதைப் பார்த்தால், சட்டத்தைவிட வக்கீலின் நாட்குறிப்பு அதிகம் வேலை செய்கிறது என்று தோன்றும்.

ஏலத்தில் எடுத்தவர் எல்லோரிலும் தைரியசாலி. தட்டு விழுந்தவுடன் 25 விழுக்காடு கட்ட வேண்டும். மிச்சத்தைப் பதினைந்து நாளில். அதன்பிறகும் தோப்பு அவருடையது அல்ல. கடனாளியோ, சொத்தில் அக்கறை உள்ள யாரோ, அறுபது நாளுக்குள் அறிவிப்பில் கண்ட தொகையையும் ஏலத்தொகையில் 5 விழுக்காட்டையும் கட்டிவிட்டால் ஏலம் ரத்து. அந்த 5 விழுக்காடு ஏலத்தாருக்கு ஆறுதல். அதற்குப்பின் முறைகேடு மனு, மேல்முறையீடு. இவற்றையெல்லாம் தாண்டி ஏலம் உறுதியானால், உரிமை ஏலம் நடந்த நாளிலிருந்தே வந்ததாகச் சட்டம் சொல்லும். அந்த நாளிலிருந்து உதிர்ந்த தேங்காய்கள் யாருடையவை என்பது வேறொரு வழக்கு.

வங்கிக்குக் கோர்ட்டே வேண்டாம் என்று 2002-இல் சர்ஃபேசி சட்டம் வந்தது. அறுபது நாள் நோட்டீஸ், பிறகு கையகப்படுத்தல், பிறகு ஏலம். ஆனால் விவசாய நிலத்தின் மேல் வைத்த ஈட்டுக்கு அது பொருந்தாது. எனவே நம் தோப்பில் தென்னை நிற்கும் வரை தென்னையே காவல். இதைப் பார்த்துப் பலருக்கும் விவசாயப் பற்று வந்தது. கோவாவில் ஓட்டல் எழும்பி நிற்கும் நிலத்தைக்கூட, பதிவேட்டில் விவசாய நிலம் என்று இருப்பதைக் காட்டி வாதாடிப் பார்த்தார்கள். 2018-இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை.

இத்தனை பேரையும் எண்ணி முடித்தபின், தொலைவில் ஒருவர் வரிசையில் நிற்காமலே நிற்பார். அவர் சர்க்கார். 1864-ஆம் ஆண்டின் மதராஸ் வருவாய் வசூல் சட்டம், 42-ஆம் பிரிவு: தீர்வை பாக்கிக்காக விற்கப்படும் நிலம் எல்லா வில்லங்கமும் நீங்கியதாகவே விற்கப்படும். அடமானம், ஒத்தி, ஜப்தி எல்லாம் ஒரே மூச்சில் போயிற்று. சொத்து மாற்றுச் சட்டத்துக்கே பதினெட்டு வயது மூத்தது இது. வருமான வரிக்காரருக்குத் தனியே ஒரு பிரிவு உண்டு. வங்கிகள் சும்மா இருக்கவில்லை. மத்தியப் பதிவேட்டில் பதிந்த ஈட்டுக்கு வரிகளுக்கும் முந்திய முன்னுரிமை தரும் சர்ஃபேசி சட்டத்தின் 26E பிரிவு 2020 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. எனவே இன்றைய நிலையில் யானைகள் இரண்டும் மோதிக்கொள்கின்றன. அக்கா இன்னும் கடைசியில்தான் நிற்கிறார்.

இறுதியாக, மூவகையிலும் அடங்காத ஒருவர். நூற்பாவில் விட்டுப்போனவர். தோப்புக்காரர். இவரை உரியோர் பட்டியலிலேயே யாரும் சேர்ப்பதில்லை. ஆனால் எல்லோருக்கும் கொடுத்து மிஞ்சியது இவருடையது, மீட்கும் உரிமையும் இவருடையது. அடமானம் எழுதும்போதே ‘மீட்கமாட்டேன்’ என்று எழுதிக் கொடுத்தாலும் அந்த வரி செல்லாது. எத்தனை பேரிடம் எத்தனை கையெழுத்துப் போட்டாலும் கைவிட முடியாதபடி சட்டம் இவர் கையில் கட்டிவிட்ட ஒரே உரிமை அது. அதுவும் யார் விற்கிறார் என்பதைப் பொறுத்து நீளும், சுருங்கும். கோர்ட் வழியாக அடமானச் சொத்து விற்கப்பட்டால், ஏலம் முடிந்த பிறகும், அது உறுதியாகும் வரை பணம் கட்டி மீட்கலாம். வங்கி சர்ஃபேசியில் விற்றால், உச்ச நீதிமன்றத்தின் 2023-ஆம் ஆண்டுத் தீர்ப்புப்படி, ஏல அறிவிப்பு வெளியாகும் நாள் வரைதான். ஆகவே கடனில் இருக்கும் அன்பர்கள் நாளிதழின் உள்பக்கத்துப் பொடி எழுத்துகளையும் படித்துவைப்பது நல்லது.